கதவருகே ஒரு சுவிட்ச்

கம்ப்யூட்டர் மெனுவில் ஒரு வரியை எங்கே வைப்பது என்ற சண்டையில் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோன மனிதர், மலாக்காவில் மட்டுமல்ல, உலகத்திலேயே எங்கள் பெயின்ட் அண்ணன் ஒருவராகத்தான் இருப்பார்.

தொண்ணூறுகளில் மலாக்கா டவுனில், ஒரு டீக்கடைக்கு மேல்மாடியில், கிளினிக்குகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். அண்ணன் பெயின்ட் டப்பாவைத் தொட்டவரே இல்லை. திரையின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் மாற்றும் வசதி மெனுவின் முதல் வரியில்தான் இருக்க வேண்டும் என்று ஓயாமல் பேசியதால் வந்த பெயர் அது. கீழ்க்கடையிலிருந்து தே தாரேக் டீ கொண்டு வருபவரைக்கூட விடமாட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, "அண்ணே, இதுல கலர் மாத்துறது எங்கன்னு தேடுங்க" என்பார். அந்த ஆள் பிறகு டீயை மாடிப்படியிலேயே வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். நாங்கள் ஆறிய டீ குடித்தோம்.

ஒருநாள் ராத்திரி பாஸ் எங்களைக் கடலோரத்து உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிட அழைத்துப் போனார்.

"இங்க பாரு லா. மொத மீன எடுக்குறோம், அப்புறம்தான் தொட்டுக்க சம்பல் கேக்குறோம். மொத வேல, கடைசியில கலரு. கிளினிக்ல உக்காந்து யாரு அழகு பாக்கப் போறா?"

"இப்ப கரண்டு போனா மீனு எது, முள்ளு எதுன்னு தெரியுமா பாஸ்? லைட்டு சுவிட்ச கதவுகிட்ட வைப்பீங்களா, அலமாரிக்குள்ள வைப்பீங்களா?" என்று கேட்ட பெயின்ட் அண்ணன், பாதி மீனோடு எழுந்தே போய்விட்டார். மீதியை நான் சாப்பிட்டேன். கொள்கைக்காக மீனை வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை.

பாஸ் சொன்னதுதான் நடந்தது. மெனுவின் கடைசி வரி, அதற்குள் 'மற்றவை', அதற்குள் இன்னொன்று. அங்கே போய் ஒளிந்துகொண்டது நிறம். அப்படியே ஜாசின் என்ற ஊரில் ஒரு கிளினிக்கில் பொருத்தினோம்.

அங்கே நோயாளிகளின் பெயரைப் பதிபவர் கமலா அக்கா. கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தாலே கண்ணீர் கொட்டியது. ஒருவர் மருந்து இன்னொருவர் பெயரில் போகப் பார்த்தது. இந்த வாரத்துக்குள் பழகாவிட்டால் வேறு ஆள் வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறத்தை மாற்றும் வழியை நான் போனில் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த எழுத்தே தெரியலயே தம்பி, எதப் பாத்து அமுக்குறது?" என்று அழுதார்.

பக்கத்தில் நின்று கேட்ட பெயின்ட் அண்ணன் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சாஃப்ட்வேரைத் திருத்தி, டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜாசின் பஸ் ஏறினார். சாயங்காலம் கமலா அக்காவே போனில் கூப்பிட்டார். "நீலத்துல மஞ்ச எழுத்து, குண்டு குண்டா தெரியுது தம்பி! மெனுவுல மொத வரியா வச்சிக் கொடுத்துட்டாரு. டாக்டரும் இங்கேயே இருக்கச் சொல்லிட்டாரு."

மறுநாள் பாஸ் குதித்தார். "யாரக் கேட்டு அத மேல கொண்டு போன?"

"அவங்களால உள்ள போவ முடியல பாஸ். அதான் வாசலுக்குக் கொண்டாந்தேன்."

பாஸ் முணுமுணுத்துக்கொண்டே தன் அறைக்குப் போனார். ஆனால் அடுத்து நாங்கள் எழுதிய எல்லாவற்றிலும் அந்த வரி முதலிலேயே இருந்தது.

இப்போது எனக்கும் புரை. புதுப் போனில் எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தைத் துழாவித் துழாவி அலுத்துப்போகும்போது, அதைவிட அதிகமாகப் பெயின்ட் அண்ணனைத்தான் மனசு தேடுகிறது.