குரலற்றவர்களின் ஏகபோகக் குரல்

தொண்டையைச் செருமி, மைக்கைத் தட்டி, "பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?" என்று விசாரித்து, கேட்கிறது என்று பதில் வந்த பிறகும் இன்னொரு தரம் தட்டிப் பார்க்கிற ஒரு ரகம் உண்டு. உங்கள் பேட்டையிலும் ஒருவர் இருப்பார். சமூக நீதி, பன்முகத்தன்மை, இருமொழிக் கல்வி என்று எந்தப் பெயரில் கூட்டம் நடந்தாலும், நாற்காலிகளை விரிப்பதற்கு முன்பே வந்து, மடக்கி அடுக்கிய பிறகும் பேசிக்கொண்டிருப்பவர். பேச வாய்ப்பில்லாதவர்களுக்காகப் பேசுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டவர். அதில் ஒரே ஒரு சங்கடம். அவர்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பில்லாமல் போனதே இவர் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான்.

எங்கள் பேட்டை ஆசாமிக்குத் 'தோழமை' என்று பெயர். வாக்கியத்துக்கு ஒரு தோழமை போடுவார், அதுவே ஒட்டிக்கொண்டது. தங்கமான மனிதர். சொந்தக் காசில் இரண்டு மொழியிலும் அச்சான கதைப் புத்தகங்களாக வாங்கி, வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு நூலகம் வைத்திருக்கிறார். ஒரு பிள்ளை புத்தகத்தை எடுத்தால் போதும், "குடு கண்ணு, நான் வாசிச்சுக் காட்டறேன்" என்று வாங்கிக்கொள்வார். அந்த நூலகத்தை முழுக்கப் படித்து முடித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

வீட்டிலும் இதே சேவைதான். விருந்தாளிகள் முன்னால் மனைவி "எனக்குத் தலை வலிக்குது" என்றால், "அவ என்ன சொல்ல வர்றான்னா" என்று ஆரம்பித்துவிடுவார். "தலைவலின்னுதாங்க சொல்ல வந்தேன்" என்று முனகிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்.

பள்ளியில் நடந்துவந்த இருமொழி வகுப்பை மூடப்போவதாகப் பேச்சு கிளம்பியது. முடிவெடுக்கும் கல்வி அதிகாரி, பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக ஒரு மாலை வருவதாக ஒப்புக்கொண்டார். பேச வந்தவர் ஒரு தாய். ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இரண்டு மொழியிலும் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவர். அவர் மகள் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். தோழமை அவரைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப் போனார். நடக்க முடியாதவரா அவர்? இல்லை. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"பயப்படாதீங்கம்மா. நீங்க உங்க மொழியிலயே பேசுங்க, நான் மொழிபெயர்த்துடறேன்."

"எனக்கு ரெண்டும் வரும் சார். நாள் பூரா அதான் வேலை."

"இந்தத் தன்னம்பிக்கை இருக்கே, இதுதான் வேணும்" என்று தோழமை நெகிழ்ந்து, மொழிபெயர்க்கத் தோதாகத் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அறிமுக உரை. அந்தத் தாய் பட்ட பாடு, படாத பாடு, இனிமேல் படப்போகிற பாடு எல்லாவற்றையும் சொல்லி, அதற்குக் காரணமான சரித்திரத்தையும் தொட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வேறொரு கூட்டத்துக்குப் போயாக வேண்டியவர் அவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கைகூப்பிவிட்டு எழுந்தார்.

"சார், அவர் கிளம்பறார்" என்று தாய் கிசுகிசுத்தார்.

"பாத்தீங்களா, தோழமைகளே" என்று மைக்கில் தழுதழுத்தார் நம் ஆள். "இவங்களால உக்கார முடியல. அடக்கி வச்ச குரல் இது." உருக்கமான இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். மூடிக்கொண்டார். திறந்தபோது பக்கத்து நாற்காலி காலி. துக்கம் தாங்காமல் வெளியே போய்விட்டதாகச் சபைக்கு விளக்கினார். சபையும் கை தட்டியது.

வெளியே, அதிகாரி காரில் ஏறப் போன நேரத்தில் தாய் மூச்சிரைக்க வந்து நின்றார். "என் பொண்ணு முன்ன படிச்ச வகுப்புல ஒரு வருஷம் வாயே திறக்கல சார். இந்த இருமொழி வகுப்புல சேந்தப்புறம்தான் டீச்சர்கிட்ட தண்ணி குடிக்கப் போகட்டுமான்னு கேட்டா. மூடிட்டீங்கன்னா, மறுபடி தொண்டை காய உக்காந்திருப்பா."

அதிகாரி கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். "இத உள்ளேயே சொல்லியிருக்கலாமேம்மா."

"அதுக்குத்தான் சார் வந்தேன்."

வகுப்பு பிழைத்தது. வெற்றி விழா வைக்காமல் தோழமை விடுவாரா? வைத்தார், பேசினார். கடைசியில் அந்தச் சிறுமியை மேடையேற்றி, தானே குனிந்து மைக்கை அவள் வாயருகே பிடித்தார். ஒரு வருஷம் ஊமையாக உட்கார்ந்திருந்த பிள்ளை கணீரென்று சொன்னாள்:

"எனக்குத் தண்ணி வேணும்."

தோழமை மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். "இந்தக் குழந்தை கேக்கறது வெறும் தண்ணி இல்ல, தோழமைகளே." வேறு என்னென்ன கேட்கிறாள் என்று வெகுநேரம் விளக்கினார். சிறுமி அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையிலிருந்து தாய் ஒரு பாட்டிலோடு எழுந்து வந்து, "வேற ஏதாவது வேணுமாடா?" என்று யாருக்கும் கேட்காமல் மகளிடம் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவள் மடக்மடக்கென்று குடித்தாள்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். அந்தத் தாயின் மனசு என்ன பாடுபட்டிருக்கும், அந்தப் பிள்ளை உண்மையில் என்ன சொல்ல நினைத்திருப்பாள் என்று நாலு பேரிடம் எடுத்துச் சொல்லத் தோன்றுகிறது. சொல்லுங்கள், யார் தடுத்தார்கள்? அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. இப்போது தொண்டையைச் செருமினீர்களே, அது எதற்கு?