வண்டி பத்திரமாக இருக்கிறது, மாப்பிள்ளை

மில்லர்புரம்,
தூத்துக்குடி,
வியாழக்கிழமை காலை.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை ஜெயகணேஷ் அவர்களுக்கு, மாமா தாணுலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை வடிவம்மாளும் சுகமாக இருக்கிறோம். புனேயில் தாங்களும் உமாராணியும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். அங்கே மழை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். இங்கே மேகம் வருகிறது, எட்டிப் பார்க்கிறது, போய்விடுகிறது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. வீட்டு முருங்கை காய்க்கிறது. வண்டி பத்திரமாக இருக்கிறது.

போன் இருக்கும்போது மாமா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் யோசிக்கலாம். போனில் தாங்கள் "சொல்லுங்க மாமா" என்று அவ்வளவு பதவிசாகக் கேட்பீர்கள். நானும் "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். இப்படியே ஏழு மாதம் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உமா தனியாகக் கூப்பிட்டு எனக்குக் கெடு வைத்துவிட்டாள். "தீபாவளிக்கு வந்து அவரு கண்ணால பாக்கறதுக்கு முன்னால நீங்களே சொல்லிருங்கப்பா. இல்லன்னா அந்த போட்டோவ நானே காட்டிருவேன்" என்கிறாள். எந்த போட்டோ என்று பின்னால் வருகிறேன்.

விஷயம் இதுதான். தை மாதம் ஷோரூமிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்து, திருச்செந்தூர் போய் அதற்கு மாலை போட்டு, நம் வீட்டு ஷெட்டில் தாங்கள் நிறுத்தியபோது மீட்டரில் 86 இருந்தது. இப்போது 2,304 இருக்கிறது. கோபப்படாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

தாங்கள் அன்றைக்குச் சொன்னது எல்லாம் எனக்கு மறக்கவில்லை. "இது வண்டி இல்ல மாமா, இன்வெஸ்ட்மென்ட். பழைய மாடல் மாதிரியே செஞ்ச புது வண்டி. முப்பது வருஷத்துல கிளாசிக் ஆயிரும். ஓட்டாத வண்டிக்குத்தான் மதிப்பு" என்றீர்கள். பதினான்கு விதிகள் எழுதிய தாளை லாமினேஷன் செய்து ஹேண்டில்பாரில் கட்டினீர்கள். ஓட்டக்கூடாது, சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக்கூடாது, வாரம் பத்து நிமிடம் இன்ஜினை உறும விட வேண்டும். இதையே என் தம்பி மகன் சொல்லியிருந்தால், "ஏலே கிறுக்குப்பயலே, ஓட்டாம வைக்கதுக்கு அது என்ன மூலவர் சிலையா?" என்று கேட்டிருப்பேன். மாப்பிள்ளைக்கு எதிர்வார்த்தை பேசி எங்கள் குடும்பத்தில் பழக்கம் இல்லை. "ஆகட்டும் மாப்பிள்ளை" என்றேன். எனக்கு வயது அறுபத்தாறு. கிளாசிக் ஆகிற அன்றைக்கு எனக்குத் தொண்ணூற்றாறு நடக்கும். அந்தக் கணக்கையும் நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் முப்பத்தெட்டு வருஷம் ஹார்பர் ரோட்டில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவன். கடையைத் தம்பியிடம் கொடுத்த பிறகும் சட்டைப் பையில் காந்தம் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் காந்தம் வைத்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை நிற்காது. தாங்கள் ரயில் ஏறிய மறுநாள் வண்டிக்கும் வைத்தேன். டேங்கில் ஒட்டியது, சந்தோஷப்பட்டேன். பக்கவாட்டு மூடியில் வைத்தேன், காந்தம் கீழே விழுந்து வண்டிக்கு அடியில் உருண்டு போனது. ஹெட்லைட்டைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னுகிற வளையத்தில் வைத்தேன், அதுவும் பிளாஸ்டிக். கிக்கரைத் தேடினேன், கிக்கரே இல்லை. அத்தை வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வண்டிய இப்படி நோண்டிக்கிட்டு இருக்கியளே, வெக்கமா இல்ல?" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் துருப்பிடிக்கவே வழியில்லாத சாமான் எப்படிப் பழசாகும் என்று அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை.

அந்த யோசனைக்குப் பதில் பங்குனியிலேயே வந்துவிட்டது. உப்பளக் காற்றுக்கு முன்னால் எந்த இரும்பும் தப்பாது. சைலன்சர் ஓரத்தில் ஊசிமுனை அளவு துரு. கப்பலில் வரும் இன்ஜின்களுக்குத் தடிமனாக கிரீஸ் பூசியிருப்பார்கள், அது கடலையே தாண்டி வந்தும் ஒன்றும் ஆகாது. நமக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மூன்று கிலோ கிரீஸ் வாங்கி, டேங்க், சக்கரம், கண்ணாடி என்று ஒரு இடம் விடாமல் பூசினேன். இரண்டே நாளில் துறைமுகத்துப் பக்கமிருந்து பறந்து வந்த கரித்தூள், தெருப்புழுதி, முருங்கைப்பூ எல்லாம் அதில் அப்பிக்கொண்டன. அத்தை விளக்கேற்ற வந்தவள் ஷெட்டுக்குள் பார்த்து, எருமை புகுந்துவிட்டது என்று கத்தினாள்.

வேறு வழியில்லாமல் மெக்கானிக் கிங்ஸ்டனைக் கூப்பிட்டேன். தெரேஸ்புரத்துக்காரன், நல்ல வேலைக்காரன், வாய்தான் அதிகம். "அண்ணாச்சி, வண்டியக் காப்பாத்தச் சொன்னா வடை சுடப் பாத்திருக்கிய" என்றான். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தண்ணீர் அடித்துக் கழுவினான். அப்போது சீட்டுக்கு அடியில் பச்சை விளக்கு மினுக்கும் ஒரு சின்ன டப்பாவைப் பார்த்தேன். வண்டியின் மூளை போலிருக்கிறது என்று அதற்கு மட்டும் தனியாக பாலிதீன் பை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றினேன். கிங்ஸ்டன் அதைப் பார்த்துச் சிரித்தான். ஏன் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. "கழுவுன தண்ணி உள்ள நிக்கும். ஒரு பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் ஓட்டுனாத்தான் காயும். இல்லன்னா உள்ளயிருந்து துரு வரும், பிறகு என்னைய ஏசக் கூடாது" என்றான். தங்கள் விதி முதலாவது, ஓட்டக்கூடாது. ஒன்பதாவது, துரு பிடிக்க விடக்கூடாது. இரண்டில் எது பெரிது? போன் போட்டுக் கேட்டேன். தாங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள்.

புதுத் துறைமுகம் ரோட்டில் போய்த் திரும்பி வந்தேன். வண்டி காய்ந்துவிட்டது. ஆனால், மாப்பிள்ளை, அது கடற்கரை ரோடு. காய்ந்த வண்டி மேலே மறுபடி உப்புக் காற்று. உப்பு படிந்தால் கழுவ வேண்டும். கழுவினால் ஓட்டிக் காய வைக்க வேண்டும். ஓட்டினால் உப்பு. நான் என்ன செய்ய? வாரத்தில் மூன்று நாள் இதே வேலையாகிவிட்டது. இப்படி ஏறியதுதான் அவ்வளவும். ஊர் எல்லையில் இருக்கும் மூன்றாம் மைல் ஸ்டாப்பைத் தாண்டி வெளியூர்ப் பக்கம் வண்டியின் மூக்கைக்கூட நான் திருப்பியதில்லை. கூட்டிப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கும். மீட்டர் காற்றிலும் ஓடுமோ என்னவோ. சீட்டின் பிளாஸ்டிக் உறையை எலி கடித்துவிட்டது. அத்தை இந்த வண்டியில் ஏறியதே இல்லை. தங்களைப் போலவே அவளும் ஓட்டக்கூடாது கட்சி.

இனி போட்டோ. ஒரு நாள் உப்பளத்துப் பக்கம் வண்டியைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். ஷாம் என்று ஒரு கல்யாண போட்டோகிராபர், ஒரு கல்யாண ஜோடியோடு அங்கே வந்திருந்தான். "அண்ணாச்சி, இது எந்த வருஷத்து வண்டி? எழுபதா, எழுபத்திரண்டா?" என்றான். தை மாதத்து வண்டி என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்க அப்பா காலத்துது" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அந்த ஜோடியை ஏற்றிப் பத்துப் படம், என்னை ஏற்றி ஒரு படம். அதில் நான் போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடி ஷாமுடையது. அந்தப் படத்தைத்தான் அவன் இன்ஸ்டாகிராமில் போட்டு, கீழே "கிளாசிக் மனிதர், கிளாசிக் வண்டி" என்று எழுதிவிட்டான். உமா பார்த்துவிட்டாள். பெற்ற மகள், கண்ணாடி போட்டாலும் அப்பனைத் தெரியாதா?

ஒன்றை மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன். எண்பத்தொன்பதில் என் கடைக்கு ஒரு வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் பழைய இரும்பாக வந்தது. உடன்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் முப்பது வருஷம் படுதா போட்டு மூடி வைத்திருந்தார்களாம். பெரியவர் இறந்ததும் பிள்ளைகள் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான்தான் கேஸ் கட்டரை வைத்து மூன்று துண்டாக அறுத்தேன். போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து, அந்த வண்டியின் பெயரைச் சொல்லி, ஹெட்லைட் மூடியாவது கிடைக்குமா என்று கடை முழுக்கத் தேடினார். நான் அறுத்ததைச் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அறுத்ததைவிட எனக்கு இன்றைக்கும் உறுத்துவது வேறு. அது ஓடுகிற நிலையில்தான் இருந்தது. கட்டரை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது நான் அதை ஓட்டிப் பார்த்திருக்கலாம். அந்தப் பெரியவரும் ஓட்டவில்லை, நானும் ஓட்டவில்லை. நினைத்தால் பாவமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

தங்கள் வண்டி கிளாசிக் ஆகுமா என்று கேட்டால், பழைய இரும்புக்காரன் கணக்கில் ஆகாது. முதலாவது, நம் ஊரில் மட்டும் இந்த வண்டி இந்த வருஷம் நாற்பதுக்கு மேல் விற்றுப் போயிருக்கிறதாம். அதில் ஏழெட்டு, சீட்டு உறை பிரிக்காமல் மாமனார் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது என்று கிங்ஸ்டன் சொல்லுகிறான். எல்லாரும் பத்திரமாக வைத்தால் அபூர்வம் எங்கிருந்து வரும்? இரண்டாவது, பழைய வண்டி கெட்டால் லேத்தில் ஒரு சாமான் கடைந்து போடலாம். இதற்குள் இருப்பது எல்லாம் கம்ப்யூட்டர். முப்பது வருஷம் கழித்து அது செத்தால் கிங்ஸ்டன் மகன் வந்தாலும் கையை விரிப்பான். ஆனால் ஒன்று. அன்றைக்கு ஊரில் எல்லார் வீட்டிலும் 86 ஓடிய வண்டி நிற்கும். 2,304 ஓடிய வண்டி நம் வீட்டில் மட்டும்தான் நிற்கும். அந்த வகையில் தங்கள் சொத்துக்கு நான் மதிப்பைத்தான் கூட்டியிருக்கிறேன் என்றும் பார்க்கலாம். பார்க்க முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

நான் செய்தது தப்பு. நம்பி ஒப்படைத்தீர்கள், நான் காப்பாற்றவில்லை. வயதுக்கு மூத்தவன் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். உமா பேசிய நாளிலிருந்து நான்கு நாளாக வண்டியைத் தொடவில்லை. சாவியை பீரோவில் அத்தையின் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். தீபாவளிக்கு வரும்போது தயவுசெய்து வண்டியைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். அது இங்கன நின்றால் எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. இனி அதில் ஏற மாட்டேன் என்று செந்தூர் முருகன் பேரில் எழுதித் தருகிறேன்.

அவன் வேல் தங்களுக்கும் உமாவுக்கும் எப்போதும் முன்னால் போகட்டும். சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

தங்கள் மேல் மாறாத மரியாதையுள்ள,
மாமா,
தாணுலிங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதியைத் தாங்கள் படித்திருக்க வேண்டியதே இல்லை. கடித உறையை ஒட்டும் நேரத்தில் உமா போன் செய்தாள். சீட்டுக்கு அடியில் இருக்கும் பச்சை விளக்கு டப்பா வண்டியின் மூளை இல்லையாம். திருடன் கொண்டுபோனால் இடம் காட்டுவதற்குத் தாங்கள் மாட்டியதாம். முதல் நாளிலிருந்தே வண்டி போன இடமெல்லாம் தங்கள் போனில் ஒரு புள்ளியாக ஊர்ந்ததாம். "மாமாகிட்ட எப்படிக் கேக்கது" என்று தாங்களும் ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லையாம்.

ஆகவே மூன்றாம் மைலைத் தாண்டவில்லை என்று எழுதியதை அடித்துவிடவும். வேம்பாருக்குக் கருப்பட்டி வாங்கப் போனது உண்மை. எட்டயபுரத்தில் நின்றது பஞ்சர். சாத்தான்குளத்தில் புள்ளி மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தது அத்தையின் தங்கை வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டு உறங்கியது. எலி என்று எழுதியிருப்பது உங்கள் அத்தை. பிளாஸ்டிக் உறை வழுக்குகிறது என்று அவள்தான் அரிவாள்மனையில் கிழித்தாள்.

உமா போன் செய்ததே தாங்கள் சொல்லித்தானாம். "நாலு நாளா புள்ளி நகரவே இல்ல, மாமாவுக்கு உடம்புக்கு என்னன்னு கேளு" என்று காலையில் காபிகூடக் குடிக்காமல் இருந்தீர்களாம். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை அதற்குள் பீரோவைத் திறந்துவிட்டாள். பட்டுச்சேலையும் எடுத்தாயிற்று, சாவியும் எடுத்தாயிற்று.

கடிதத்தைப் பெரிய தபாலாபீஸில் போட்டுவிட்டு அப்படியே திருச்செந்தூர் போகிறோம். மேலே எழுதிக் கொடுத்ததை முருகனிடம் நேரில் திருப்பி வாங்க வேண்டும். வியாழக்கிழமை பகலில் ஆத்தூர்ப் பாலத்துப் பக்கம் புள்ளி அரைமணி நேரம் நின்றிருக்கும். தாங்கள் பயந்திருக்க வேண்டாம், மாப்பிள்ளை. அது இளநீர்.