கொல்லையில் நிற்கும் உன் காரைப் பற்றி

அன்புள்ள மைத்துனன் குணாளனுக்கு,

ஷா ஆலாமிலிருந்து அத்தான் மாசிலாமணி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். தைப்பிங்கில் உன் வீட்டார் நலமும், கொல்லையில் சும்மா நிற்கும் உன் பழைய காரின் நலமும் அறிய ஆவல்.

இடக்கண் மங்கிவிட்டது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே மகள் என் காரை விற்றுவிட்டாள். உன் அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நிலையத்து வேன் வந்து அழைத்துப் போகிறது, ஆனால் துணைக்கு வருகிறவருக்கு அதில் இடமில்லை. அவளுக்கு அந்த ஊசி என்றாலே நடுக்கம். குத்தும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. எங்கள் பதினோராம் மாடி ஜன்னலிலிருந்தே நிலையம் தெரிகிறது. நடுவில் நெடுஞ்சாலை. முக்கால் மணி நேரம் சுற்றி நடந்தால்தான் நடைபாலம் வரும். கைப்பேசி ஆப்பில் வாடகை வண்டி கூப்பிட்டால், இவ்வளவு பக்கமா என்று ரத்து செய்துவிடுகிறார்கள். குறுக்கு வழியில் வேலி போட்ட குடியிருப்பு. அங்கே காவலாளி நோட்டை நீட்டுகிறான்.

“வண்டி நம்பர் எழுதுங்க அங்கிள்.”

“நடந்து வந்தேன்பா.”

“நடந்து வர்றவங்களுக்கு இதுல கட்டமே இல்லயே!”

விற்றுப்போன காரின் நம்பரை எழுதிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் உள்ளே போகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். ரொஹானா என்ற மலாய்ப் பெண் காரை நிறுத்தி, மாமா முறை வைத்து, “ஐயோ பாக்சிக், கார் படுத்துருச்சா? ஏறுங்க ஏறுங்க” என்று என்னை வாய் திறக்க விடாமல் நேரே தன் அண்ணன் பட்டறையில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அவ்வளவு நல்ல மனசுக்காரியிடம் எனக்குக் காரே இல்லை என்று எப்படிச் சொல்வது? அண்ணன்காரன் என்ன கலர் என்றான். வெள்ளை என்று சொல்லித் தொலைத்தேன். இழுவை லோரியில் என்னையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் இரண்டு சுற்றுச் சுற்றினான். கடைசியில், “எவனோ களவாண்டுட்டான் பாக்சிக், வாங்க போலீசுக்குப் போவோம்” என்றான். கெஞ்சிக் கூத்தாடி டயாலிசிஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி பத்தரை.

உன் அக்கா கையில் குழாயோடு படுத்திருந்தாள். “வந்துட்டீங்களா” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, குணாளா. அன்று மட்டுமல்ல, அவளை வேனில் ஏற்றிவிட்டு நான் நடந்து போய்ச் சேருவதற்குள் எப்போதுமே ஊசி குத்தி முடித்துவிடுகிறார்கள். ஒரு நாள்கூட நான் பக்கத்தில் இருந்ததில்லை.

ஆகவே வரும் ஞாயிறு, மகளுக்குத் தெரியாமல் உன் காரைக் கொண்டுவந்து விட்டுவிடு. வலக்கண் நன்றாகத்தான் இருக்கிறது. இடப்பக்கம் வருகிறவர்கள் கொஞ்சம் பார்த்து வரட்டும்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும், உன் மனைவிக்கு அன்பும், காருக்கு முழு டாங்க் பெட்ரோலும்.

இப்படிக்கு,
அத்தான் மாசிலாமணி

பி.கு.: ஒட்டுவதற்குள் உன் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டாள். “காரும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் கட்டில் ஜன்னலோரம். பாலத்துல நீங்க வர்றது தெரிஞ்சாத்தான் நர்ஸ்கிட்ட கையையே நீட்டுவேன். உங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன், குத்துனதே தெரியாது. அந்தச் செவ்வாக்கெழமதான் ஆளக் காணோம், உயிரு போச்சு” என்கிறாள். இத்தனை நாள் சொல்லவே இல்லை. கார் அங்கேயே நிற்கட்டும். ஒரு சிவப்புக் குடை மட்டும் வாங்கி அனுப்பு. என் கறுப்புக் குடை தூரத்தில் சரியாகத் தெரியவில்லையாம்.