மஞ்சள் அட்டை, பச்சை அட்டை

மனிதகுலத்தின் மூளையைக் காக்கும் மகத்தான பொறுப்பு, வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திடம்தான் ஒப்படைக்கப்பட்டது. பாக்டீரியாவால் வருகிற பொல்லாத மூளைக்காய்ச்சலுக்குப் புதுத் தடுப்பூசி தயாரித்த ஒரு நிறுவனம், உலகத்தில் வேறு குழந்தைகளே இல்லாததுபோல, தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் இந்த லயங்களைத் தேடி வந்தது. சூப்பர்வைசர் மிக்கேல்ராஜுக்கு 'கள ஒருங்கிணைப்பாளர்' என்ற பட்டம் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் இருமுவதில்கூட ஒரு கண்ணியம் வந்துவிட்டது.

தினமும் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு, நிறுவனம் அனுப்பிய டாக்டர் நிமி விளக்கினார். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டும் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு. பாதிப் பிள்ளைகளுக்கு மஞ்சள் அட்டை, பாதிக்குப் பச்சை. ஒரு நிறத்துக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று தனக்கே தெரியாது என்றார். தெரியாததை இவ்வளவு பெருமையாகச் சொன்ன ஒருவரை மிக்கேல்ராஜ் அதுவரை கண்டதில்லை. கைதட்டினார்.

அவர் மனைவி கத்தரீனாள் கைதட்டவில்லை. போன மழைக்காலத்தில் அடுத்த லயத்துக் குழந்தை ஒன்று இதே காய்ச்சலில் மூன்றே நாளில் போயிருந்தது. மகள் ஜின்சிக்குக் கிடைத்ததோ மஞ்சள் அட்டை. மஞ்சள்தான் தண்ணீர் என்றால்? அந்தப் பயத்தில் அவளுக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரி அவள் பேரில் நின்று கொழுந்து பறிப்பாள். இருபது வருடமாக மிக்கேல்ராஜ் அதைக் கண்டும் காணாமல் இருந்தவர். இரண்டாம் ஊசியன்று கத்தரீனாள் அந்த வழக்கத்தை மருத்துவத் துறைக்கும் விரிவுபடுத்தினாள். மஞ்சள் பிள்ளைகள் பச்சையை நீட்டின, பச்சைப் பிள்ளைகள் மஞ்சளை நீட்டின.

"ஒரே லயத்துல பாதிப் புள்ளைக்கு மருந்து, பாதிக்குத் தண்ணியா? ஆளுக்கு ஒரு ஊசியாவது மருந்தா கெடைக்கட்டும்" என்றாள் கணவனிடம்.

ஒருங்கிணைப்பாளர் இதையும் ஒருங்கிணைத்தார். வரிசையாக டிக் அடித்தார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நிறத்திலும் ஒரே அளவு எதிர்ப்புச் சக்தி. நிறுவனம் ஏழு குழுக்கள் அமைத்து, மூன்று நாள் கூடி, உப்புத் தண்ணீரும் மருந்துக்குச் சமம் என்று 'நிரூபித்தது'. பெரட்டுக்களத்தில் பாராட்டு விழா நடந்தது. மிக்கேல்ராஜுக்குப் பொன்னாடை. மருந்து இனி நகரத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் என்றும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்றி தெரிவிக்கும் விதமாக மூன்றாவது ஊசி உண்டு, அது உப்புத் தண்ணீர்தான் என்றும் நிமி அறிவித்தார்.

கத்தரீனாள் எழுந்து, அட்டை மாற்றியதை ஒளிக்காமல் சொன்னாள். பிள்ளைகள் உடம்பில் இருப்பது பாதி மருந்துதான், மீதியையும் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். மிக்கேல்ராஜுக்கும் ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் பொன்னாடை தோளிலிருந்து நழுவியதால் அதைச் சரிசெய்யப் போய்விட்டார்.

"ரிப்போர்ட் அச்சாயிடுச்சு, சேச்சி" என்றார் நிமி பரிவோடு. "ரெண்டும் ஒண்ணுதான்னு தெளிஞ்சாச்சு. பின்னே என்ன பிரச்னை?"

"ரெண்டும் ஒண்ணுன்னா, அந்தத் தண்ணிய ஒங்க புள்ளைக்குப் போட்டுட்டு, மருந்த இங்க வச்சிட்டுப் போங்க டாக்டரம்மா."

அந்த ஆய்வை மட்டும் இதுவரை எந்த நிறுவனமும் தொடங்கவில்லை.