நடக்காத காரியம்

கமாண்டர் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கி, பத்தாவது மாடி ஜன்னல் வழியாகத் தீவிரவாதிகளின் அறைக்குள் குதித்தபோது, டிவிக்கு எதிரே சோபாவில் இருந்த மாமனார் தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் சாப்பிட்டுக் கொண்டிருந்த கதாசிரியருக்கு வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"இது நடக்காத காரியம், மாப்பிள்ளை."

"எது மாமா?"

"ஜன்னல் உள்பக்கம் தாழ் போட்டிருக்குமே. ஊரே தேடுற ஆளு, ஜன்னலைத் தொறந்து போட்டுட்டா உக்காந்திருப்பான்?"

"காத்து வரட்டும்னு தொறந்து வச்சிருப்பான் மாமா."

"மழை பெய்யுதே. போன சீன்ல நீங்கதானே பெய்ய வச்சீங்க. அது போகட்டும், மழையில தொங்கிட்டு வந்தவனுக்குச் சட்டை நனையவே இல்லையே."

அந்தத் தொடரை எழுதுகிறவர் நம் கதாசிரியர்தான். வியாழக்கிழமைதோறும் தீவிரவாதத் தடுப்புப் படையின் கமாண்டர் ஊரைக் காப்பாற்றுவார். சேனலில் அதற்குத்தான் முதலிடம். வெளியே போனால் வலியவந்து கை கொடுக்க ஆட்கள் உண்டு. வீட்டில்தான் இந்தக் கதி. மாமனார் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வரும் மனுக்களைப் படித்து, 'இது நடக்காத காரியம்' என்று எழுதித் திருப்பி அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கடை எரிந்து போனவன் நேரில் வந்து அழுதாலே நம்பாத மனுஷர், கமாண்டரையா நம்பப் போகிறார்? மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். வந்த நாளாக ஒரு வியாழக்கிழமையும் அவர் சோபாவுக்கு வராமல் இருந்ததில்லை.

"அப்பா சொல்றது சரிதானேங்க," என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கதாசிரியருக்கு அன்று ஒரு வைராக்கியம் பிறந்தது. விருது வேண்டாம், பேர் வேண்டாம். இந்த மனுஷர் ஒரே ஒரு எபிசோடை வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டு, 'சரியாத்தான் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெண் கேட்டுப் போன அன்றைக்கே மாமனார் தன்னை ஒரு சந்தேகமான மனுவைப் போலத்தான் ஏற இறங்கப் பார்த்தார் என்பது அவருடைய நெடுநாள் ஆதங்கம்.

அடுத்த கதையில் கயிறும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை. கமாண்டர் எல்லோரையும் போலப் படியேறி வந்தார்.

"ஹெலிகாப்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சேய்யா," என்று டைரக்டர் தலையில் கை வைத்தார்.

மாமனார் அசரவில்லை. "பத்து மாடி ஏறி வந்தவன் மூச்சு வாங்காம இவ்வளவு நீளத்துக்கு வசனம் பேசுறான். நடக்காத காரியம்."

அதற்கடுத்த வாரம் கமாண்டர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். எச்சரிக்கை வசனத்தில் பாதி மூச்சிலேயே போயிற்று. கமாண்டராக நடிப்பவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஆக்‌ஷன் ஹீரோன்னு சொல்லித்தான் கூப்பிட்டீங்க. ஆஸ்துமா மருந்து விளம்பரம்னு சொல்லவே இல்லையே," என்றார்.

மாமனார் இப்போது குண்டுக்கு வந்திருந்தார். "குண்டு வைக்கிறவன் எதுக்கு அதுல கடிகாரத்தை மாட்டி, வெடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்குன்னு காட்டுறான்? அணைக்க வர்றவனுக்கு ஒத்தாசையா?"

கடிகாரத்தை எடுத்தார்கள். குண்டு ஒரு பழைய பெட்டியாக மூலையில் கிடந்தது. எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் பதறவில்லை. கட்டடத்தைக் காலி செய்துவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டார்கள். எந்த இடத்தில் பரபரப்பு மியூசிக் போடுவது என்று மியூசிக் போடுகிறவர் போன் செய்து கேட்டார். கதாசிரியருக்கும் தெரியவில்லை.

"சரி, ஒரு வீட்டுக்குள்ள புகுந்து சோதனை போடணும்னா உத்தரவு வேணுமே. யார் கையெழுத்துப் போட்டாங்க?" என்றார் மாமனார்.

கமாண்டர் மேலதிகாரியின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மேலதிகாரி மீட்டிங்கில் இருந்தார். அந்த எபிசோடு முடிகிறவரை மீட்டிங் முடியவில்லை.

"ஏன், தீவிரவாதிக்கெல்லாம் காய்ச்சல் வராதா?" என்று மாமனார் ஒருநாள் போகிற போக்கில் கேட்டுவைக்க, அதுவும் கதையில் ஏறியது. கூட்டத் தலைவனுக்குக் காய்ச்சல் கண்டு, சதித்திட்டம் தள்ளிப் போயிற்று. கடைசியில், குடித்தனக்காரர்கள் சரியில்லை என்று வீட்டுக்காரர் புகார் கொடுக்க, சாதாரணப் போலீஸ்காரர் ஒருவர் வந்து அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த நேரத்தில் கமாண்டர் பக்கத்துத் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.

வில்லனாக நடிப்பவர் நல்ல மனுஷர். கோபப்படத் தெரியாது. "சார், நான் செத்தாகூட பரவால்லை. இருமல் மருந்து குடிக்கும்போது பிடிச்சுட்டுப் போறாங்களே," என்று மட்டும் சொன்னார்.

ஆனால் வீட்டில் அன்று அதிசயம் நடந்தது. மாமனார் மடியில் கை வைத்தபடி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். நடுவில் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். கதாசிரியர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை.

"எப்படி மாமா இருந்துச்சு?"

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "ம். சரியாத்தான் இருக்கு."

எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷிப் பட்டம் வாங்கியாயிற்று. கதாசிரியர் மனைவியிடம், "கேட்டியா? உங்கப்பா சொன்னதைக் கேட்டியா?" என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழனும் மாமனார் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வியாழன் பாதியிலேயே எழுந்து போனார். அதற்கப்புறம் சோபாவுக்கே வரவில்லை. பெரியவருக்கு வயதாகிறது, சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று கதாசிரியர் நினைத்துக்கொண்டார். வாங்கிய பட்டத்தை யாரும் திருப்பிக் கேட்காதவரை அவருக்குக் கவலை இல்லை.

தயாரிப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் சேனல்காரர்கள் அனுப்பிய கணக்கு இருந்தது. முதலிடத்தில் இருந்த தொடர், பக்கத்தைத் திருப்பித் தேடவேண்டிய இடத்தில் இருந்தது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"சார், இப்ப கதையில ஒரு தப்புகூட இல்லை சார். யார் வேணும்னாலும் பார்த்துச் சொல்லட்டும்."

"தப்பு இல்லைதான். பார்க்க ஆளும் இல்லையே." தயாரிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாளைக்கு அடுத்த எபிசோடு என் கையில இருக்கணும். அதுவும் படுத்துச்சுன்னா கடையைச் சாத்திட வேண்டியதுதான். உன்னை நம்பி எத்தனை குடும்பம் இருக்குன்னு யோசிச்சு எழுது."

கதாசிரியர் யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். கமாண்டரை மறுபடி கயிற்றில் தொங்கவிட்டால் தொடர் ஒருவேளை பிழைக்கும். ஆனால் மாமனாரிடம் மானம் போய்விடும். அந்த ஒரு வார்த்தையை வாங்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

வாசலிலேயே மனைவி கண் கலங்கி நின்றிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. அப்பா எதுலயும் குத்தமே சொல்ல மாட்டேங்குறார்."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? இன்னைக்குக் குழம்புல உப்புப் போடவே மறந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டு எழுந்துட்டார். பேப்பரை விரிக்கிறார், அப்படியே மடிச்சு வச்சிடுறார். கொஞ்ச நாளாவே இப்படித்தான். நீங்க கதை கதைன்னு இருந்தீங்க, கவனிக்கலை."

கதாசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மாமனார் ஷேவ் செய்து பல நாள் ஆகியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கதாசிரியர் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"மாமா, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

'உடம்பு நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குய்யா டாக்டர்' என்று கேட்பார் என்று எதிர்பார்த்தார். "சரி மாப்பிள்ளை," என்று சட்டையை மாட்டிக்கொண்டார் மாமனார். அதைக் கேட்டதும் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கூடவே கிளம்பினாள்.

டாக்டரின் அறைக்கு வெளியே கூட்டமாக இருந்தது. முறை வந்ததும் டாக்டர் நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினார்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

"தூக்கம்?"

"வருது."

"வேற என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலை டாக்டர்," என்றார் மாமனார், யாருக்கோ பதில் சொல்வதைப் போல.

டாக்டர் அவரை எடை பார்க்க நர்ஸோடு அனுப்பிவிட்டுக் கை கழுவப் போனார். கதாசிரியரின் பையில் போன் அதிர்ந்தது. தயாரிப்பாளர். எடுக்கவில்லை. எபிசோடு, தொடர், மானம் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தன. அந்த மனுஷர் திரும்பி வந்து, எடை மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. அவர் வாயை அடைக்க வேண்டும் என்று தவம் கிடந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

"என்ன டாக்டர், அப்பாவுக்கு ஏதாவது பெருசா...?" மனைவியால் முடிக்க முடியவில்லை.

"பயப்படாதீங்கம்மா, உடம்புல ஒரு கோளாறும் இல்லை. வெளியில உக்காந்திருக்காங்களே, பாதிப் பேர் இதே கேஸ்தான். எங்க வீட்லயும் ஒருத்தர் இப்படித்தான் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கார்," என்றார் டாக்டர், துண்டில் கை துடைத்தபடியே. "வியாழக்கிழமை ஒரு தீவிரவாதி சீரியல் வருமே, அதுல குத்தம் கண்டுபிடிக்கத்தான் வீடு தவறாம உக்காந்து பார்த்துட்டு இருந்தாங்க. எவனோ ஒரு புத்திசாலி எல்லாத் தப்பையும் திருத்தித் தொலைச்சுட்டான்."