நாலு ஜோடியும் ஒரே முறுக்கு

மனிதகுலம் ஒழுங்கை நோக்கி எடுத்து வைத்த மாபெரும் அடி, சூஸ் நகரத்துக் கேபிள் ஆலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்து வைக்கப்பட்டது. வைத்தவர் இயக்குநர் நூஃபல்; ஆலையில் எல்லாருக்கும் ‘ஸி நூஃபல்’, அதாவது நூஃபல் ஐயா.

வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்களே என்று அவர் ஒரு கேபிளின் தோலை உரித்துப் பார்த்தார். உள்ளே நாலு ஜோடிக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நெருக்கத்தில் முறுக்கியிருந்தன. அவர் மனம் புண்பட்டது.

“என்ன மகளே இது! ஒண்ணு இறுக்கமா, ஒண்ணு தொளதொளன்னு?”

சோதனைப் பிரிவு விதாத் சொன்னாள்: “அப்படித்தான் இருக்கணும், ஸி நூஃபல். ஒரே மாதிரி முறுக்கினா ஒரு ஜோடியில போற சேதி பக்கத்து ஜோடியில கசியும்.”

“நான் இருக்கிறப்பவா?”

அன்று பிற்பகலே நாலு ஜோடிக்கும் சம முறுக்கு அருளப்பட்டது. கேபிள் கண்ணைப் பறித்தது. சோதனைக் கருவியில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

உடனே ஐவர் கொண்ட ‘கசிவு ஒழிப்பு உயர்நிலைக் குழு’ பிறந்தது. அதன் முதல் கண்டுபிடிப்பும் இயக்குநருடையதே.

“நாலையும் ஒரே நேரத்துல எதுக்குக் கருவியில மாட்டுறே?”

“வாங்குறவங்க அப்படித்தானே மாட்டுவாங்க?”

“அது அவங்க அவசரம். நீ ஒண்ணொண்ணா மாட்டு.”

மாட்டினாள். பச்சை, பச்சை, பச்சை, பச்சை. கசிவு ஒழிந்தது! இனி சோதனைப் படிவத்தில் குழுவின் ஐவரும் விதாத்தும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

“இது ஆஸ்பத்திரிக்குப் போற கேபிள், ஸி நூஃபல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு,” என்றாள் விதாத். அவளுக்கு நாலு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர ஆணை அவர் மேசையில்தான் கிடந்தது.

காப்பி இடைவேளையில் குழு கொதித்தது. “போடச் சொல்லட்டும் பாப்போம் கையெழுத்து! மெஷினை நிறுத்திட்டு எல்லாரும் வெளிய போயிடுவோம்!” என்று மேசையைக் குத்தினார் தொழிற்சங்கத்து ஸலாஹுத்தீன்.

ஸி நூஃபல் கோபப்படவில்லை. குழுவினரை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார். கதவைச் சாத்தினார். ஸலாஹுத்தீன் மூன்று நிமிடத்தில் வெளியே வந்து, தன் செருப்பை வெகுநேரம் ஆராய்ந்தார்.

கடைசியாக விதாத். சோதனைப் படிவமும் நிரந்தர ஆணையும் அருகருகே இருந்தன.

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நீ ஒருத்திதான் பாக்கி.”

“அப்போ எல்லாரையும் ஒண்ணா கூப்பிடுங்க. அவங்க முன்னாடி போடுறேன்.”

“ஒண்ணா கூப்பிட்டா எப்படிம்மா? சிவப்பு எரியுமே!”

விதாத் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். நிரந்தர ஆணை கிழிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை கேபிள் லாரி ஏறியது. படிவத்தில் குழுவினரின் ஐந்து கையெழுத்துகள். இரண்டாவது என்னுடையது. தனித்தனியாகத்தான் போட்டோம், ஒருவர் போட்டதை இன்னொருவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. எங்களுக்குள் கசிவே இல்லை.