பார்த்திபன் பாதம் பூட்டப்பட்ட வரலாறு

மனித குல வரலாற்றைச் சக்கரத்துக்கு முன், சக்கரத்துக்குப் பின் என்று பிரிக்கிறார்கள். செஞ்சியின் வரலாற்றை, பார்த்திபன் மலை சைக்கிளிலிருந்து இறங்கியதற்கு முன், பின் என்று பிரிப்பதே முறை. ராஜகிரிக் கோட்டை இதற்குச் சாட்சி. இதுவரை அது மறுப்பேதும் தெரிவிக்கவில்லை.

காப்பீட்டு முகவரான பார்த்திபன், பருத்த டயர் சைக்கிளில் கரடு, வரப்பு, ஏரிக்கரை என்று போகாத இடமில்லை. அவரிடம் ஒரே ஒரு ஈனகுணம் இருந்தது: வழியில் நிற்பார். யாராவது கையைக் காட்டினால் நிற்பார். டிராக்டர் சேற்றில் மாட்டினால் இறங்கித் தள்ளுவார். இதனால் 'செஞ்சி மிதிவண்டி வீரர் பேரவை'யின் சராசரி வேகம் சர்வதேசத் தரத்திலிருந்து சரிந்துகொண்டே போனது.

அவசரச் செயற்குழு கூடியது. ஜவுளிக்கடை அதிபரும் பேரவைத் தலைவருமான ராஜாங்கம் தொண்டையைச் செருமினார்.

"பார்த்திபன், நீங்க ரோடு சைக்கிளுக்கு மாறணும். கிளிப்லெஸ் பெடல் போடணும்."

"அப்டின்னா?"

"ஷூவுக்கு அடியில ஒரு கொக்கி இருக்கும். பெடல்ல அமுக்குனா டக்குனு மாட்டிக்கும்."

"மாட்டிக்குதுன்னா கிளிப் இருக்குதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் இன்னாத்துக்கு கிளிப்லெஸ்?"

செயற்குழு அதிர்ந்தது. "விரைவு பஸ்னு எழுதியிருக்குதே, விரைவாவா போவுது? பேரையும் பொருளையும் இப்படிச் சேத்துப் பாத்தா நாகரிகம் வளருமா?" என்றார் தலைவர். தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது.

புது ஷூவோடு பார்த்திபன் நடந்தபோது, லாடம் அடித்த மாடு வருகிறதென்று தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

முதல் நாளே கூட்ரோட்டில் பஸ் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது. கால் வரவில்லை. நிதானமாக, கண்ணியம் குறையாமல், இடப்பக்கம் சாய்ந்தார்.

ஆட்டோக்காரர் கன்னியப்பன் ஓடி வந்தார். "கால ஊனு சார், கால ஊனு!"

"காலு வரல பா!"

"யார் சார் கட்டிப் போட்டது?"

"நானேதான்."

கன்னியப்பன் அவரைச் சைக்கிளோடு சேர்த்து நிமிர்த்தினார்.

"இது வீழ்ச்சியில்ல, தீட்சை," என்று தேற்றினார் ராஜாங்கம். "குதிகாலை வெளிப்பக்கம் திருப்புனா கழண்டுடும். அதைவிட உத்தமம், நிக்காமலே போறது."

பார்த்திபன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் திருப்பப் பழகினார். "ஊர் உலகமே கால ஊனி நிக்கப் பாடுபடுது, நீங்க கால எடுக்கப் பாடுபடறீங்க," என்றாள் மனைவி வெண்மதி. நாளாக ஆக, பூட்டுவதும் கழற்றுவதும் அவருக்குக் கண் சிமிட்டுவதுபோல் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரவை, 'சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயண'மாக அவலூர்பேட்டைக்குக் கிளம்பியது. வழியில் ஒரு திருப்பத்தில், கொட்டிக் கிடந்த மணலில் ஸ்கூட்டர் சறுக்கி ஒரு பெண் விழுந்து கிடந்தார். அவலூர்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் மீனம்பாள். கால் வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தது.

"சார், வண்டிய கொஞ்சம் தூக்கி விடுங்க சார்!"

"கால் பூட்டியிருக்குதும்மா! நிறுத்த முடியாது! பின்னால ஆள் வராங்க!" என்று வேகம் குறையாத வருத்தத்துடன் கூவிச் சென்றார் ராஜாங்கம். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அந்த வருத்தத்தை வழிமொழிந்தபடியே போனார்கள்.

கடைசி ஆள் பார்த்திபன். அவரைக் கேட்காமலே அவருடைய குதிகால் திரும்பியது. டக். கால் விடுபட்டது. பழைய புத்தி!

முன்னே பேரவை சிறுத்துக்கொண்டே போனது. ஒரு கணம் அங்கே பார்த்தார், ஒரு கணம் அந்தம்மாவைப் பார்த்தார்.

"கால் பூட்டியிருக்குதும்மா," என்றார். அமுக்கினார். டக்.

அவலூர்பேட்டை டீக்கடை வாசலில் எல்லாக் கால்களும் அணிவகுப்புபோல் ஒன்றாகக் கழன்று தரையில் ஊன்றின. "இன்னிக்கு நம்ம பார்த்திபன் எங்கயும் நிக்கல!" என்று ராஜாங்கம் அறிவிக்க, கைதட்டல் எழுந்தது. பார்த்திபன் டீ கிளாஸை அப்படியே பெஞ்சில் வைத்தார்.

அப்போது கண்ணாடி உடைந்த ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. முழங்கையில் ரத்தம் காய, மீனம்பாள் இறங்கினார். மற்றவர்களைத் தாண்டி நொண்டிக்கொண்டே வந்து பார்த்திபன் எதிரில் நின்றார்.

"அவங்களுக்கு கால் பூட்டிக்கிச்சு, சரி, நம்பறேன். நீங்க கழட்டிட்டு மறுபடியும் பூட்டுனீங்களே, அது இன்னா சார்?"